சேர்மத்துக்கும் கலவைக்கும் இடையே கோடு விழுந்த வரலாறு

தனிமம், சேர்மம், கலவை என்ற மூன்றும் பாடநூலில் அருகருகே நிற்பதால், ஒரே வகைச் சான்றிலிருந்து பிறந்தவை போலத் தோன்றுகின்றன. வரலாறு அப்படி இல்லை. பகுப்பாய்வால் மேலும் பிரிக்க முடியாத பொருளே தனிமம் என்றார் லவாய்சியர். 1789இல் அவர் வெளியிட்ட 33 எளிய பொருள்களின் பட்டியலில் ஒளியும் வெப்பமும் சுண்ணாம்பும் இருந்தன. 1808இல் ஹம்ப்ரி டேவி மின்னாற்பகுப்பால் கால்சியத்தைப் பிரித்ததும் சுண்ணாம்பு சேர்மமாயிற்று. தனிமத்தின் எல்லை இப்படி ஆய்வகத்திலேயே திருத்தம் பெற்றது. சேர்மத்தையும் கலவையையும் பிரிக்கும் கோட்டுக்கோ தராசு மட்டும் போதவில்லை. அணுக்கொள்கை வந்த பிறகே அது உறுதிப்பட்டது.

ஸ்பெயினில் பணியாற்றிய ஜோசப் லூயி புரூஸ்ட், இயற்கையில் கிடைத்த தாமிரக் கார்பனேட்டும் ஆய்வகத்தில் வீழ்படிவாக்கியதும் ஒரே நிறை விகிதம் கொண்டவை என்று 1799இல் காட்டினார். சேர்மத்தின் இயைபு மாறாது என்பது அவர் முடிவு. குளோத் லூயி பெர்தொலே இதை ஏற்கவில்லை. எகிப்தின் நேட்ரான் ஏரிக்கரைகளில் சோடியம் கார்பனேட் படிந்திருப்பதை அவர் கண்டிருந்தார். உப்பும் சுண்ணாம்புக்கல்லும் மிகுந்த இடத்தில், ஆய்வகத்தில் பழகிய வினை எதிர்த்திசையில் நடந்திருந்தது. பொருளின் அளவு வினையின் திசையையே மாற்றுமானால், விளைபொருளின் இயைபையும் மாற்றும் என்பது 1803இல் வந்த அவருடைய நூலின் வாதம். கண்ணாடி, உலோகக்கலவை, கரைசல், உலோக ஆக்சைடு ஆகியவை அவர் காட்டிய சான்றுகள். அவை கலவைகளே என்றும், ஆக்சைடுகளில் இயைபு மாறுவது இரு வேறு ஆக்சைடுகள் கலந்திருப்பதால்தான் என்றும் புரூஸ்ட் விடையளித்தார்.

இது சுழல்வாதம் ஆகாதா? விகிதம் மாறாதது சேர்மம் என்று வைத்துக்கொண்டு, மாறுவதையெல்லாம் கலவை என ஒதுக்கினால் அந்த விதியை எந்தச் சோதனையும் பொய்ப்பிக்க இயலாது. இத்தடை வலுவானது, புரூஸ்ட்டின் அளவீடுகள் மட்டும் இதைக் கடக்கவில்லை. விகிதம் மாறாமை தன்னளவில் போதிய அடையாளமும் அன்று: காற்றின் இயைபு இடத்துக்கு இடம் பெரிதும் மாறாததால், அதைச் சேர்மமாகக் கருதிய வேதியியலாளரும் அன்று இருந்தனர். சிக்கலை அவிழ்த்தது டால்டன் 1808இல் நூலாக வெளியிட்ட அணுக்கொள்கை. வெள்ளீயத்தின் இரு ஆக்சைடுகளை இன்றைய மதிப்புகளில் பார்ப்போம். ஒன்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 12 விழுக்காடு, மற்றதில் 21. இந்த எண்களில் எந்த ஒழுங்கும் கண்ணில் படாது. ஆனால் 100 பங்கு வெள்ளீயத்தோடு சேரும் ஆக்சிஜனைக் கணக்கிட்டால் 13.5, 27 என்று சரியாக இரட்டிக்கிறது. அணு முழுமையாகவே சேரும் என்றால் இந்தத் தாவல் நிகழ்ந்தே தீரவேண்டும். சேர்மத்தின் விகிதம் ஏன் மாறாது என்பதற்கு, அந்த வரையறைக்கு வெளியிலிருந்து ஒரு காரணம் இங்கேதான் முதன்முதலில் கிடைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் பெர்தொலேயின் கேள்வி மீண்டும் எழுந்தது. ஒரு வரம்புக்குள் இயைபு மாறும் திண்மச் சேர்மங்களுக்கு ரஷ்ய வேதியியலாளர் குர்னகோவ் ‘பெர்தொலைடு’ என்றே பெயரிட்டார். அப்படியானால் கோடு அழிந்துவிட்டதா? இல்லை என்றே கருதுகிறேன். வூஸ்டைட் என்னும் இரும்பு ஆக்சைடில், 100 ஆக்சிஜன் அணுவுக்கு இரும்பு அணுக்கள் ஏறத்தாழ 95 மட்டுமே இருக்கக்கூடும். படிகத்தில் சில இரும்பு இடங்கள் காலியாகின்றன. மின்சுமையை ஈடுகட்ட, எஞ்சிய இரும்பு அயனிகளில் சில கூடுதல் நேர்மின்சுமை ஏற்கின்றன. நிறை விகிதம் நழுவினாலும், அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்ட ஒரே படிகம் அது. அதனால்தான் வூஸ்டைட்டை இன்றும் கலவை என்று யாரும் சொல்வதில்லை.