கல்லில் விரித்த படுக்கை

திருவானைக்காவலில் ஜம்புகேஸ்வரரையும் அகிலாண்டேஸ்வரியையும் தரிசித்துவிட்டு டவுன் பஸ் ஏறினால், காவிரிப் பாலத்தைத் தாண்டி திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கும். வழிப்போக்கர்களுக்கான சத்திரத்தின் பெயராலேயே வழங்கும் இடம். சுற்றிலும் லாட்ஜுகள்: ஏசி, நான்-ஏசி, டபுள் பெட், கேட்டால் எக்ஸ்ட்ரா பெட். இந்த ஊரில் ராத்தங்கலுக்கு இடம் தேடுவது அத்தனை சாதாரணமான காரியம். ஆனால் இங்கே முதன்முதலில் படுக்கை போடப்பட்டது தரையில் அல்ல. போடவைத்தது மனிதர்களும் அல்ல. எறும்பு, புழு, பூச்சிகள்.

சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுச் சாலைகளில் சமணத் துறவிகள் நடந்துகொண்டிருந்தார்கள். கையில் காசு வைத்துக்கொள்ளக் கூடாது, எந்த உயிரையும் கொல்லக் கூடாது, ஓர் ஊரில் நிலையாகத் தங்கக் கூடாது என்பது அவர்களுடைய விரதம். எட்டு மாதம் இதில் சிக்கல் இல்லை. மழைக்காலம் வந்ததும் மண்ணெல்லாம் புழுவும் பூச்சியுமாக நெளியும். ஓர் அடி எடுத்து வைத்தால் நூறு உயிர் போய்விடும். ஆகவே அந்த நான்கு மாதமும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். வீட்டில் தங்கினால் பற்று வந்துவிடும், மரத்தடியில் தங்கினால் மழையில் நனைய வேண்டும். எஞ்சியது ஊருக்கு வெளியே நின்ற மொட்டைப் பாறைகள்தாம். அங்கே ஏறியவர்களுக்குப் புதிய தலைவலி காத்திருந்தது.

பாறைக்கு அடியில் இயற்கையாக அமைந்த குகை வெயிலுக்கு நல்ல நிழல். மழை பெய்தால் கதை வேறு. உச்சியில் விழுந்த தண்ணீர் பாறையின் வளைவை ஒட்டியே வழிந்து, நேராகக் குகைக்குள் வந்து சேர்ந்தது. கதவு வைத்தாலும் நிற்காத தண்ணீர் அது. பெயர் தெரியாத யாரோ ஒரு கல்தச்சன் இதற்கு வழி கண்டான். குகை வாய்க்கு மேலே, நெற்றியில் புருவம் தீட்டியதுபோல நீளமாக ஒரு காடி வெட்டினான். வழிந்து வந்த நீர் அந்த விளிம்பில் தடுக்கி, உள்ளே வராமல் வெளியே சொட்டியது. இலங்கையில் பௌத்தத் துறவிகளின் குகைகளிலும் இதே உத்திதான். வாசலில் குழி தோண்டிக் கழி நட்டு, கூரை வேய்ந்து கொடுத்தவர்களும் இருந்தார்கள். கூரை தயார். தரைதான் கரடுமுரடாகக் கிடந்தது.

உளி மறுபடி இறங்கியது. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் மலையில் அதன் வேலையை இன்றும் பார்க்கலாம். செங்குத்துச் சரிவில் கால் வைக்க ஏழு குழிகள் வெட்டியிருப்பதால் அந்தக் குகைக்கு ஏழடிப்பட்டம் என்று பெயர். உள்ளே வரிசையாக 17 கல் படுக்கைகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் படுக்கும் அளவுக்குச் செதுக்கப்பட்டு, கை வைத்தால் வழுக்கும் அளவுக்குத் தேய்க்கப்பட்டிருக்கிறது. தலைமாட்டில் கல்லையே சற்று உயர்த்தி விட்டிருக்கிறார்கள், அதுதான் தலையணை. மெத்தை கிடையாது, போர்வை கிடையாது, என்றாலும் வேலை மட்டமானதல்ல. இத்தனை கூலியை யார் கொடுத்தது? தங்க வந்தவரிடம் சல்லிக்காசு இல்லையே!

கோயில்களில் டியூப்லைட் வெளிச்சத்தையே மறைக்கும்படி அதன்மேல் உபயதாரர் பெயர் எழுதுகிற பழக்கம் நமக்கு நேற்று வந்ததல்ல. கல் படுக்கையிலும் பெயர் வெட்டினார்கள். மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகையில் உப்பு வணிகர், துணி வணிகர், கலப்பைக் கொழு விற்றவர் எல்லாம் வரிசையாக இடம் பிடித்தார்கள். மாங்குளத்தில் வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவே சேர்ந்து தானம் செய்தது. கரூர்ப் பக்கம் புகலூர் ஆறுநாட்டார் மலையில், யாற்றூர்ச் செங்காயபன் என்ற துறவிக்காகக் கல்லறுத்துக் கொடுத்தவன் ஒரு சேர இளவரசன். சித்தன்னவாசலின் மிகப் பெரிய படுக்கையைச் சுற்றி ஓடிய எழுத்துகளோ, தங்கியவர், செய்து கொடுத்தவர் இருவரையுமே பதிவு செய்தன. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் விருந்தாளி. சிறுபாவில் இளையர் உபயம். எருமிநாடு என்பது மைசூர்ப் பக்கம் என்பது அறிஞர்கள் கருத்து. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவருக்குப் பெயர் போட்ட படுக்கை! இந்த ஏற்பாடு சில நூற்றாண்டுகள் அமோகமாக நடந்தது. அப்புறம் அரசனின் மனசு மாறியது.

7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் மகேந்திரவர்மன், இதேபோன்ற கல் படுக்கைகள் இருந்த திருச்சிப் பாறையைக் குடைந்து சிவனுக்கு லலிதாங்குர பல்லவேஸ்வரகிருகம் என்ற குடைவரையை அமைத்தான். மாற்று நெறியிலிருந்து தான் திரும்பி வந்ததை அங்கேயே கல்வெட்டாகவும் பொறித்தான். அவன் விட்டு வந்தது சமணம் என்பது மரபு. சித்தன்னவாசலில் மட்டும் 10-ஆம் நூற்றாண்டு வரை துறவிகள் வந்து தங்கிப் படுக்கையோரம் பெயர் வெட்டிச் சென்றார்கள். மற்ற குகைகளில் பெரும்பாலானவை வௌவாலுக்கும் ஆட்டுக்காரருக்கும் போயின. திருச்சிப் பாறையோ நாயக்கர்களின் கோட்டையானது. 1751-லிருந்து ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதைச் சுற்றி நின்று சண்டை போட்டார்கள். படுக்கை அங்கேயே இருந்தது. அது யாருடையது என்பதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

1882-ல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சூவல் மாங்குளம் மலையில் இந்த எழுத்துகளைக் கண்டார். அசோகர் கல்வெட்டுகளில் வரும் பிராமி எழுத்து என்பது தெரிந்ததும் அறிஞர்களுக்குச் சந்தோஷம். பிராமி என்றால் மொழி பிராகிருதமாகவோ பாலியாகவோதான் இருக்கும் என்று எண்ணி வாசிக்க உட்கார்ந்தார்கள். ஒரு வரிகூட ஒழுங்காகப் பொருள் தரவில்லை. இடையிடையே வடக்கில் எங்குமே இல்லாத சில எழுத்துகள் வேறு குறுக்கே வந்தன.

நாற்பது வருஷத்துக்கும் மேல் நீடித்த அந்த முடிச்சை அவிழ்த்தவர் கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். குறுக்கே வந்தவை ழ, ள, ற, ன என்றும், ஆகவே மொழி தமிழ் என்றும் 1924-ல் சென்னையில் கூடிய அகில இந்தியக் கீழைத்தேய மாநாட்டில் அவர் எடுத்துக்காட்டினார். பாதிப் பூட்டு திறந்தது. மீதியைத் திறந்தவர் திருச்சிக்காரர். மண்ணச்சநல்லூரில் பிறந்து ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஐராவதம் மகாதேவன், 1960-களில் புகலூர்க் குகைக்குப் போய், ஏற்கெனவே படியெடுத்திருந்த கல்வெட்டைப் புதிதாக வாசித்தார். சேரர் மூன்று தலைமுறையினரின் பெயர்கள் தெளிவாக எழுந்து வந்தன. சங்கப் பாடல்களில் மட்டும் இருந்த அரசர்களுக்குக் கல்லில் சாட்சி கிடைத்தது. ஒரு துறவி படுக்கச் செய்து கொடுத்த இடம் தமிழ் வரலாற்றுக்கே கால அட்டவணை தந்துவிட்டது! இதெல்லாம் இங்கே நடந்துகொண்டிருக்க, கடல் கடந்து குகைகளுக்கு இன்னொரு யோகம் அடித்தது.

இத்தாலியின் தென்பகுதியில் மலையோர ஊரான மத்தேராவில் சுமார் 15,000 பேர் ஆடுமாடுகளோடு குகை வீடுகளில் குடியிருந்தார்கள். இது தேசத்துக்கே அவமானம் என்று 1952-ல் சட்டம் போட்டு அவர்களை வெளியேற்றினார்கள். குகைகள் பாழாய்க் கிடந்தன. 1993-ல் யுனெஸ்கோ அதே இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவமானமாகத் தெரிந்த குகைகளில் பல இன்று மெழுகுவத்தி ஏற்றிவைத்த ஹோட்டல் அறைகள். துருக்கியின் கப்படோக்கியாவிலும் இதே வியாபாரம்தான். பணக்காரர்கள் காசு கொடுத்துக் கல்லுக்கடியில் தூங்குகிறார்கள். அங்கே பில்லில் ஹோட்டலின் பெயர் இருக்கும். திருச்சியில் பெயர் இருக்கும் இடமே வேறு.

83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டையில், உச்சிப் பிள்ளையாருக்குப் பின்புறம் ஒரு குகை. உள்ளே சமணர் படுக்கைகள். அவற்றில் ஒன்றில் சுமார் 5-ஆம் நூற்றாண்டு எழுத்தில் ஒரு பெயர் வெட்டியிருக்கிறது: சிரா. அங்கே தங்கிய துறவியின் பெயர் அது என்றும், அவர் பள்ளிகொண்ட இடமே சிராப்பள்ளி என்றும் கல்வெட்டறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் பாட வந்தபோது மலைக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டிருந்தது. பிறகு முன்னால் ‘திரு’ சேர்ந்தது. ஆங்கிலேயர் வாயில் டிரிச்சினாப்போலி ஆகி, பஸ் கண்டக்டர் வாயில் திருச்சி என்று சுருங்கியது. ஜங்ஷன் பெயர்ப்பலகை முதல் மாநகராட்சிக் குப்பை வண்டி வரை எழுதியிருப்பது அந்தக் கல் படுக்கையின் விலாசம்தான். திரிசிரன் என்ற அசுரன் பூஜித்ததால் வந்த பெயர் என்று தலபுராணம் சொல்லும். அதுவும் சுவையான கதைதான். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர் சிரா. என் ஓட்டு அவருக்கே.