கம்பம் இல்லாத நிறுத்தங்கள்

பிரெஞ்சில் 'அரே' என்று ஒரு சொல். பேருந்து நிற்கும் இடத்துக்கும் அதுதான், மேல் நீதிமன்றத்தின் தீர்ப்புக்கும் அதுதான். பள்ளியில் படித்தபோது எங்களுக்கு அது வேடிக்கை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நம்ம ஊர் நிறுத்தங்களைக் குறிக்க உட்கார்ந்த பிறகு, பொருத்தமான சொல்தான் என்று படுகிறது. ஓர் இடம் நிறுத்தமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது யார்?

குறித்த தடத்தில் பொதுவண்டி ஓட்டும் யோசனை பழையது. கணித மேதை பாஸ்கல் யோசனையில் 1662 மார்ச் 18 அன்று பாரீஸில் குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கின. கட்டணம் 5 சோல். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்பும். ஆனால் படைவீரர்களும் வேலைக்காரர்களும் ஏறக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. சில ஆண்டுகளில் அந்த வண்டிகள் நின்றுபோயின.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை 2004-இல் லண்டனில் தொடங்கியவர் ஸ்டீவ் கோஸ்ட். மக்கள் வரிப்பணத்தில் வரைந்த அரசு வரைபடத்தை மக்களே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த காலம் அது. முதலில் புள்ளிகளும் கோடுகளும்தான் அதில் முக்கியம். 2007-இல் பல புள்ளிகளையும் கோடுகளையும் ஒரே கட்டாகக் கட்டும் வசதி வந்தது. அலுவலக பாஷையில் சொன்னால், தனித்தனித் தாள்களை ஒரே கோப்பில் சேர்ப்பது. ஒரு பேருந்துத் தடம் என்பது அப்படியொரு கோப்பு. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. இரண்டையும் அடக்கிய தாய்க்கோப்பு வேறு.

சிக்கல் நிறுத்தங்களில்தான். களத்தில் இருப்பதை எழுது என்பது இந்த வரைபடத்தின் முதல் விதி. நம்ம ஊரில் களத்தில் என்ன இருக்கிறது? கம்பம் கிடையாது, பலகை கிடையாது. ஒரு வேப்பமரம், அதன் நிழலில் நான்கு பேர், கை காட்டினால் நிற்கும் வண்டி. டெம்போவுக்கு அதுகூட வேண்டாம். பதிவேட்டில் இல்லாதது இல்லை என்று முப்பது வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தும். பிரிட்டிஷ் அரசு 2009-இல் தன் நிறுத்தப் பட்டியலை இந்த வரைபடத்துக்குக் கொடுத்தது. அதில் அடையாளமே இல்லாமல் வழக்கத்தால் மட்டும் வண்டி நிற்கும் இடங்களுக்கென்று தனி வகையே இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. வேப்பமரத்தையும் குறித்துவிட்டேன்.

பெயர் அடுத்த வழக்கு. காகிதத்தில் இந்திரா காந்தி சதுக்கம். நடத்துநர் வாயில் இந்திரா காந்தி சிலை. மரப்பாலத்தில் மரம் போய் வெகுகாலம் ஆயிற்று, நெல்லித்தோப்பில் நெல்லியைத் தேட வேண்டும். பெயர்கள் மட்டும் வண்டிச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த வரைபடத்தில் பெயருக்கு ஒரு கட்டம், தமிழ்ப் பெயருக்கு ஒன்று, பழைய பெயருக்கு ஒன்று, மாற்றுப் பெயருக்கு ஒன்று என்று இருக்கின்றன. நான் பார்த்த எந்தச் சர்க்கார் பதிவேட்டிலும் இத்தனை தாராளம் கிடையாது.

எல்லையும் உண்டு. காலாப்பட்டு வண்டியில் ஏறுங்கள். முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பொம்மையார்பாளையமும் தமிழ்நாடு. அப்புறம் காலாப்பட்டு, மறுபடி புதுச்சேரி. 1954 நவம்பர் 1 வரை அந்த எல்லை இரண்டு தேசங்களுக்கு நடுவே கிடந்தது. இன்றும் இரண்டு அரசுகளும் தத்தம் பக்கத்து ஊர்களைத்தான் தம் ஏடுகளில் வைத்திருக்கும். தடக்கோப்பில் எல்லாம் வரிசையாக, ஒரே கட்டில். வண்டியில் போகிறவருக்கு வேண்டியதும் அதுதானே.

இப்போது கடலூர் சாலையில் இருக்கிறேன். மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் ஆகிவிட்டன. இடையில் பழைய நடத்துநர்கள் கூவிய சின்னச் சின்னப் பெயர்கள் இருந்தன. பழைய பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது. அந்தத் தடத்தில் பள்ளிக்கோ வேலைக்கோ போனவர்கள், எந்த இடம் எந்தப் பெயர் என்று நினைவிருக்கும் மட்டும் எழுதி அனுப்புங்கள். எழுத்து சரியாக வராவிட்டால் காதில் விழுந்தபடியே எழுதினாலும் போதும்.