விரலும் வெட்கமும்

ஆர்வெல்லின் 'பெரியண்ணன்' பெயரில் ஒரு பரிசு உண்டு. 1998இல் லண்டனில் பிரைவஸி இன்டர்நேஷனல் என்ற அமைப்பு ஆரம்பித்தது. மனிதர்களின் அந்தரங்கத்துக்குள் மிகுதியாகத் தலையிட்ட அரசாங்க இலாகாவுக்கோ கம்பெனிக்கோ அதைக் கொடுப்பார்கள். சின்னம், ஒரு தலையை மிதிக்கும் பூட்ஸ். ஜெர்மனியில், பீலஃபெல்ட் நகரில், 2000 முதல் நடக்கிறது. பரிசு பெறுபவர்கள் பெரும்பாலும் மேடைக்கு வருவதில்லை. 2002இல் மைக்ரோஸாஃப்ட் சார்பில் ஒருவர் வந்தே வாங்கிக்கொண்டார். அங்கதம் தோற்கும் இடம் அதுதான்.

ஏனென்றால் இந்த அங்கதம் ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: வெட்கம் பார்க்கிறவனுடையது, பார்க்கப்படுகிறவனுடையது அல்ல. நம்மிடம் இது செல்லுபடியாகுமா? 'அந்தரங்கம்' என்ற தமிழ்ச் சொல்லிலேயே ஒரு கள்ள வாடை. மறைக்க ஏதோ இருப்பவனுக்குத்தான் அது தேவை என்று நினைக்கிறோம். இந்த நினைப்புக்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது.

1871இல் வட இந்தியாவில் அமலான குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் மதராஸ் மாகாணத்துக்கு வந்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். சர்க்கார் வைத்ததைவிடப் பொருத்தமான பெயர். இன்ன ஜாதியில் பிறந்ததே குற்றமாகி, பத்து விரலும் மையில் தோய்ந்தன. ஆண்கள் ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்கவேண்டும். ஊர் தாண்டச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். தத்துவம் பேசவில்லை அவர்கள். விரலைத் தரமாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான். சட்டம் இங்கே ரத்தானது 1947இல்.

2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் டெம்ப்லி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. மறுபடி பத்து விரல், கூடவே இரண்டு கண். இந்தத் தடவை தண்டனையாக அல்ல, சலுகையாக. எல்லா ஜாதிக்கும்.

2017இல் கணக்கோடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, அந்தியூரில் ஒரு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் கிழவி ஒருத்தி. மிஷின் அவள் விரலை ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க சாமி, ரேகையெல்லாம் தேஞ்சு போச்சுங்க" என்றாள். வெட்கப்பட்டவள் அவள். பரிசை இங்கே யாருக்குக் கொடுப்பது? அந்த பூட்ஸை என் மேஜைமேல் வைத்திருக்கலாம்.

1962இல் கரக் சிங் வழக்கில், போலீஸ் நடுராத்திரி கதவைத் தட்டக்கூடாது என்றது சுப்ரீம் கோர்ட். ஆனால் அந்தரங்கம் உரிமை அல்ல என்றும் சொன்னது. மாறுபட்டு எழுதிய சுப்பா ராவின் பக்கம் ஒன்பது நீதிபதிகள் வந்து சேர 2017 ஆகஸ்ட் 24 வரை, ஐம்பத்தைந்து வருஷம், ஆயிற்று. வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைப்பது கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பர் 26இல் தீர்ப்பாயிற்று.

அதற்கப்புறம் ஒரு நாள் கிழவி பணம் எடுக்க வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே விரலைத் துடைத்து நீட்டினாள்.