விடுபட்ட வாக்கியம்

நேயர்களே, 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். படமெடுத்த ஹரிபாபுவும் மாண்டார். அவரது கேமரா தப்பியது. புலனாய்வுக்கு வழிகாட்டியவை அந்தப் படங்களே.

படத்தில் இல்லாதவர்களுக்கு எதிராக வாக்குமூலங்கள் நின்றன. போலீஸ் அதிகாரி பதிவு செய்ததையும் தடா சட்டம் சாட்சியமாக ஏற்றது. 1998இல் 26 பேருக்குத் தூக்கு. 1999இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு உறுதி செய்தது.

ஒருவர் பேரறிவாளன். இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது வழக்கு. எதற்கென்று தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதவில்லை என்று, வாக்குமூலம் பதிந்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013இல் கூறினார். 2022இல் பேரறிவாளன் விடுதலையானார்.

தூக்குக்குக் குறித்த நாளோ 2011 செப்டம்பர் 9. சென்னை உயர் நீதிமன்றம் தடுத்திராவிட்டால்?

மலேசியாவில் கட்டாய மரண தண்டனை 2023இல் நீங்கியது, தூக்கு நீங்கவில்லை. பினாங்கு நேயர்களும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.