பின்னால் பிடித்த கை

நடுவர் அவர்களே, அரியலூர், பெரம்பலூர்ப் பெருமக்களே!

'விடுதலை பிறர் தருவதா, நாமே பெறுவதா?' இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் சட்டங்களாக அடுக்கிவிட்டுப் போனார். நான் கொண்டுவந்திருப்பது ஒரே ஒரு சைக்கிள்!

1974 ஜனவரி வரைக்கும் நீங்களும் புதுக்கோட்டையும் ஒரே திருச்சி மாவட்டம். ஆகவே பங்காளி வீட்டுக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

1991ஆம் ஆண்டு. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம். எழுத்துச் சொல்லித்தர ஊர் ஊராகப் போன தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதிப் பொழுது போயிடும். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார் சைக்கிள் ஓட்டுவதையும் இயக்கத்தின் பாடமாகச் சேர்த்தார். வாங்குவதற்கு வங்கிக் கடனுக்கும் வழி பண்ணினார்.

எதிரணித் தலைவர் சிரிக்கிறார். 'பாத்தீங்களா, கலெக்டர் கொடுத்த விடுதலை!' என்று. பொறுங்கய்யா! கலெக்டர் உத்தரவு போட்டா பேலன்ஸ் வந்துடுமா? விழுந்தா சிராய்க்கிற முழங்கால் யாரோடது? வழியில நின்னு கேலி பேசினானே, அதைக் கேட்ட காது யாரோடது? கதவைத் திறந்துவிட்டார் அந்த அம்மா, மறுக்கவில்லை. தெருவில் இறங்கியது இவர்கள்.

நாமெல்லாம் சின்ன வயசில் வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டவர்கள். புடவை கட்டிய பெண்ணுக்கு அந்த வசதியும் இல்லை. ஒருத்தி சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடணும். ஒரு கட்டத்தில் சொல்லாமல் கையை விட்டுடணும். பிடிக்காவிட்டால் விழுவாள், விடாவிட்டால் ஓட்டவே மாட்டாள்! நேற்றுக் கற்றவள் இன்றைக்கு அடுத்தவளுக்குப் பிடித்தாள். காசு வாங்காமல்!

1992 மகளிர் தினத்தன்று, ஹேண்டில்பாரில் கொடி கட்டி, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் மணி அடித்துக்கொண்டே போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் சூசன் பி. அந்தோணி, பெண் விடுதலைக்கு சைக்கிளைப்போல் உதவியது வேறில்லை என்ற கருத்தில் 1896லேயே பேசினார். புதுக்கோட்டையின் கல்குவாரிப் பெண்ணுக்கு அந்த அம்மாளைத் தெரியாது. விளைந்த காயைத் தானே எடுத்துப்போய் நாலு ஊரில் விற்கலாம், தண்ணீர்க் குடத்தைக் கட்டிவரலாம், அண்ணன் தம்பி எப்ப வருவான்னு வாசலைப் பாக்க வேண்டாம். இது தெரியும்.

லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. சிலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளே வேணும்னு கேட்டாங்க. ஏன் தெரியுமா? அதில்தான் முன்னால் பார் இருக்கு. பிள்ளையை உட்கார வைக்கலாமே!

மணி அடிக்கிறது... சைக்கிள் மணி இல்லை, நடுவர் மணி. வருகிறேன்.