இனிஷியலுக்குள் ஒளிந்திருக்கும் அப்பா

எங்கள் வகுப்பில் நான்கு செந்தில்குமார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது பேராசிரியர் பெயரைச் சொன்னால் நாலு பக்கமிருந்தும் "பிரசன்ட் சார்" வரும். அதனால் இனிஷியலைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். அதில் ஒருவன் இன்றைக்கும் எங்களுக்கு 'கேயெஸ்'தான். அந்த 'கே' யார் என்று நான்கு வருடத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. பட்டமளிப்பு விழாவன்று வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவரைக் காட்டி, "இவர்தாண்டா 'கே'" என்றான்.

அந்த ஒற்றை எழுத்தின் கனம் எனக்குப் புரிந்தது பாஸ்போர்ட் வாங்கியபோது. படிவத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம். குடும்பப் பெயர் நமக்கு ஏது? அப்பா பெயரைப் போட்டேன். விளைவு, வெளிநாட்டில் வேலை பார்த்த மூன்று வருடமும் ஆபீசில் எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். போனில் சொன்னபோது அப்பா சிரித்தார். "போகட்டும்டா, அந்த ஊரை நானும் பார்த்த மாதிரி ஆச்சு" என்றார்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. செஸ் உலகம் விஸ்வநாதன் ஆனந்தை 'விஷி' என்று செல்லமாக அழைக்கிறதே, அது அவருடைய அப்பா பெயரின் சுருக்கம்! மாறாக, சி.வி. ராமனின் 'ராமன் விளைவு', 1983-ல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரின் 'சந்திரசேகர் எல்லை' இரண்டிலும் இருப்பது அவரவர் சொந்தப் பெயர். நம் பெயரில் சொந்தப் பெயர் கடைசியில் வருவதால், வெள்ளைக்காரர்கள் அதையே குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஊரையும் தகப்பனையும் பெயருக்கு முன்னால் வைப்பது நமக்கு மிகப் பழைய வழக்கம். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் எழுதிவைத்த புலவர் பெயர்களைப் பாருங்கள். முல்லைப்பாட்டைப் பாடியவர் 'காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார்'. ஊர், அப்பாவின் தொழில், பிறகு பெயர். இன்றைய கணக்கில் கா.பொ. நப்பூதன்! 'மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்' என்றால் மதுரைத் துணி வியாபாரி. 'உறையூர் மருத்துவன் தாமோதரனார்' டாக்டர். உ.வே. சாமிநாதையரின் 'உ' உத்தமதானபுரம், 'வே' தகப்பனார் வேங்கடசுப்பையர். திரு.வி.க.வின் 'திரு' திருவாரூர். இடையில் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம். பெயர் கட்டும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. ராஜராஜன் கி.பி. 1014 வாக்கில் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒருத்தியின் பெயர் 'எடுத்தபாதம்'. தூக்கிய திருவடி! நடராஜரின் காலையே பெயராக வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களை அடையாளம் காட்டியது விட்டு வந்த ஊர். நம் வகுப்புத் தோழிகளுக்கோ கல்யாணத்தன்றே இனிஷியல் மாறிவிடுகிறது. இந்தச் சந்திப்புக்காகப் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு அவர்களைத் தேடியவர்களுக்குத் தெரியும், என்ன பாடு என்று.

இனி பெயரின் வால். சோழர் காலத்தில் 'மூவேந்தவேளான்' என்பது அதிகாரிகளுக்கு அரசன் கொடுத்த பட்டம். 'முதலி' என்றால் தலைவன். இப்படிப் பதவியாகவும் மரியாதையாகவும் இருந்த சொற்களில் பல, பிற்காலத்தில் பிறப்பால் வரும் சாதிப் பட்டங்களாக இறுகிவிட்டன. பெயரைக் கேட்ட உடனே பாய் போடுவதா, திண்ணையோடு அனுப்புவதா என்று முடிவு செய்ய அந்த வால் போதுமானதாக இருந்தது.

1927 டிசம்பரில் ஈ.வெ.ரா. தம் 'குடி அரசு' இதழில் தம் பெயருக்குப் பின்னால் இருந்த 'நாயக்கர்' பட்டத்தை எடுத்தார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, எல்லோரும் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கவனியுங்கள், இனிஷியல் முன்பே இருந்தது. வெட்டப்பட்டது வால் மட்டும். சாதி போய்விட்டதா என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகைகளில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் நாங்கள் ஹாஸ்டலில் ஒரே அறையில் நான்கு வருடம் இருந்தபோது, பெயரை மட்டும் வைத்து யார் எவர் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அது சின்ன விஷயமில்லை.

போன வருடம் என் மகளின் பாஸ்போர்ட்டுக்கு மறுபடியும் அதே கட்டம். வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பா, தாத்தா காலத்துக் கிரையப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். தாத்தா பெயருக்குப் பின்னால் பட்டம் இருந்தது. "இதைப் போடு தம்பி, குடும்பப் பெயர் மாதிரி அழகா இருக்கும். வடக்கே எல்லாரும் போடலையா?" என்றார். அவரை எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. "பார்க்கலாம் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, ராத்திரி அவர் தூங்கப் போன பிறகு அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

நாளைக்கு ஏதாவது ஓர் ஊரில் அவளை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். அந்த ஊரை நானும் பார்த்த மாதிரி ஆகும்.