போலிக்குப் பேரான மனுஷன்

டைமண்ட் பெயிண்டிங் பெட்டியில் வானவில் அடிக்கும் மணிகளுக்கு ‘ஏபி’ என்று பெயர். அரோரா பொரியாலிஸ், வடதுருவ ஒளி. 1956-இல் ஸ்வரோவ்ஸ்கி, கிறிஸ்டியன் டியோருடன் சேர்ந்து கண்ணாடிக் கல்லுக்குப் போட்ட மெல்லிய உலோகப் பூச்சு அது. இப்போது ரெசின் மணிக்கும் வந்துவிட்டது.

ஆனால் போலிக் கல்லின் கதை இன்னும் பழசு. 1730களில் பாரிஸ் நகைக்காரர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்ட்ராஸ் ஈயம் கலந்த கண்ணாடியைப் பட்டை தீட்டினார். சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, வைரத்துக்கு 2.42. ஈயக் கண்ணாடி நடுவில் நிற்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு அது தாராளம். 1734-இல் ஸ்ட்ராஸ் அரச நகைக்காரரே ஆகிவிட்டார். சீமாட்டிகள் கண்ணாடி என்று தெரிந்தேதான் போட்டுக்கொண்டார்கள்.

மனுஷன் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் போலிக் கல்லுக்கு இன்றும் ‘ஸ்ட்ராஸ்’ என்றுதான் பெயர். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. 1892-இல் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி கல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.